மஞ்சத்தண்ணியில் கழுவிய பாறை

“டீச்சர், இந்த மீனும் செத்துப்போச்சு.”

தவசிமுத்து அண்ணாச்சி பாலித்தீன் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன் பக்கவாட்டில் மிதந்தது.

ஜெனோவா டீச்சர் பையை வாங்கவில்லை. தொட்டிக்கு இரை போட்டுக்கொண்டே கேட்டார்.

“தண்ணி நாறுச்சா?”

“நாறவே இல்ல. பளிங்கு மாதிரி இருந்துச்சு. தெனமும் மாத்துதேன்லா.”

“அதான்.”

அவ்வளவுதான் பதில். இந்த அம்மாவிடம் இதுதான் பெரிய வம்பு. ஒரு கேள்விக்கு ஒரு சொல்லுக்கு மேல் செலவழித்தால் ஏதோ குறைந்துபோகும் என்று நினைப்பார் போலிருக்கிறது.

தூத்துக்குடியில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேரும் ஒரு நாளாவது இந்தக் கொட்டகையில் வந்து நின்றவர்கள்தான். கார் நிறுத்தக் கட்டிய கொட்டகை. டீச்சருக்குக் கார் கிடையாது, வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள்தான். காலேஜில் விலங்கியல் நடத்தியவர், முழங்கால் வலி தாங்காமல் பாதியிலேயே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அண்ணாச்சியைவிட வயசில் சின்னவர். இருந்தும் அவர் முன்னால் போய் நின்றால், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனுக்கு வருமே ஒரு முழிப்பு, அது எல்லாருக்கும் வந்துவிடும்.

“அதான்னா என்ன டீச்சர்? எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க. அலுத்துப்போச்சு.”

உண்மையில் மனுஷனுக்கு அலுத்துத்தான் போயிருந்தது. மீனால் மட்டும் வந்த அலுப்பில்லை அது.

*

அண்ணாச்சிக்குப் பெயிண்ட் கடை. சுவரில் கறையா, ஒரு கோட் அடி. ஓதமா, பட்டி பார்த்து ரெண்டு கோட் அடி. வாழ்க்கையில் அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

பங்குனியில் அவர் மனைவி சுயம்புக்கனி போய்ச் சேர்ந்தாள். ரொம்ப நாள் படுத்த படுக்கை. முதுகுப் புண்ணைத் துடைத்தது, துணி மாற்றியது, கஞ்சி புகட்டியது எல்லாம் அண்ணாச்சியேதான். ஆள் வைக்கவில்லை. அந்த விஷயத்தில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் பதினாறு முடிந்த கையோடு மனுஷன் இறங்கினார் பாருங்கள். மெத்தையைக் கொண்டுபோய்க் கொளுத்தினார். கட்டிலைத் தூக்கிக் கொடுத்தார். சேலைகளை மூட்டை கட்டி ஆசிரமத்துக்கு அனுப்பினார். அவள் கிடந்த அறைக்குப் புதுப் பெயிண்ட். பீரோவுக்கு உள்ளேகூடப் பெயிண்ட்.

மகள் முத்துச்செல்வி கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது வீடு புதுமனை புகுவிழா வீடு மாதிரி இருந்தது.

“அம்மாவோட மெரூன் சுங்கடி எங்கப்பா?”

“குடுத்தாச்சும்மா.”

அவள் பீரோவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தாள். பெயிண்ட் வாசம்தான் வந்தது.

“அம்மா வாசம் ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்கலியேப்பா,” என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

“முடிஞ்சதப் பேசி என்ன ஆகப்போவுது. கண்ணத் தொடச்சுக்க. எந்திரி.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்தாள். அன்றைக்குப் போனவள் வரவில்லை. போன் பேசினால் பேத்தி தாரிகாவிடம் கொடுத்துவிடுவாள். தன் பங்குக்கு ஒரு வார்த்தை கிடையாது.

பேத்திக்கு மீன் பைத்தியம். பாடப் புத்தகத்தில் ஆரஞ்சு மீன் ஒன்றைப் பார்த்துவிட்டு அதே பேச்சாக இருந்தாள். அண்ணாச்சிக்கு ஒரு வழி தென்பட்டது.

“தாத்தா வீட்டுக்கு வந்தா ஆரஞ்சு மீனு இருக்கும் தாயி. நெசமான மீனு.”

போனில் பேத்திக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. “மீனு வாங்கினதும் சொல்லச் சொல்லு. பரீட்சை லீவுக்குப் பாக்கலாம்.”

எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் மகள் அவருக்காகச் சொன்ன சொல் அது. அதைக் கேட்டுவிட்டுத்தான் அண்ணாச்சி மறுநாளே கண்ணாடித் தொட்டி வாங்கினார், கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார், மீனும் விட்டார். மீன் வந்தால் மகள் வருவாள். மீன் செத்தால் வரமாட்டாள். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

*

“ஒங்க தண்ணிக்கு ஒண்ணும் தெரியல அண்ணாச்சி,” என்றார் டீச்சர். அன்றைக்கு அவருக்குப் பேச மனசிருந்தது போல.

“தண்ணிக்கு என்ன தெரியணும்?”

“அழுக்கத் திங்கத் தெரியணும்.”

உள்ளே போய் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். ஈரச் செய்தித்தாள் சுற்றியிருந்தது. பிரித்தால் கன்னங்கரேலென்று, ஓட்டை ஓட்டையாக, ஊதாத் திட்டு ஒன்று, பச்சைத் திட்டு ஒன்று. தேங்காய் அளவுக்கு இருக்கும்.

“கடல்ல எடுத்ததா?”

“கடல்ல எடுத்தா ஜெயில். சிப்பித்தூளும் சிமெண்டும் குழைச்சு நானே வார்த்தது. என் தொட்டியில கெடந்து கெடந்து உசுரு ஏறியிருக்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் இதுல குடியிருக்கு. அழுக்கத் திங்கிறது அதுங்கதான்.”

“தொட்டியில போட்டா மீனு வாழுமா?”

“மொதல்ல நாறும்.”

“நாறினா?”

“நாறட்டும்.”

*

நாறியது.

டீச்சர் சொன்னால் சொன்னபடி. பாறைப் பொந்துக்குள் என்னவோ ஒன்று செத்திருக்க வேண்டும். அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து கதவைத் திறந்தார். முகத்தில் வந்து அடித்தது.

மீன் கவிச்சி என்றால் அவருக்குப் பழக்கம்தான். தூத்துக்குடிக்காரருக்கு அது ஒரு வாடையா. இது வேறு. உயிரோடு இருக்கிற ஒன்றின் மேல் மெதுவாக ஏறும் வாடை. கடைசி மாசங்களில் அந்த அறையில் இருந்தது. ஊதுவத்தி கொளுத்தினாலும் அடியில் இருந்துகொண்டே இருக்கும்.

அவர் சாப்பிடவில்லை. நடுக்கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றினார்.

பிணம் எடுத்த வீட்டை எப்படிக் கழுவுவோம்? அப்படியே. வெந்நீரில் அள்ளி மஞ்சள்தூள் போட்டார். பாறையைத் தொட்டியிலிருந்து எடுத்து அதில் முக்கினார். தேங்காய்நார் வைத்துப் பொந்து பொந்தாகத் தேய்த்தார். இன்னொரு தரம் மஞ்சத்தண்ணி ஊற்றினார். தொட்டித் தண்ணீரை முழுசாக இறைத்துக் கொட்டிவிட்டுக் கண்ணாடியைத் துணிபோட்டுத் துடைத்தார். வாசல்வரை மஞ்சத்தண்ணி தெளித்தார்.

வாடை போய்விட்டது. பாறை கோயில் பிள்ளையார் மாதிரி மஞ்சளாக, சுத்தமாக இருந்தது. அண்ணாச்சிக்கு அப்பாடா என்று இருந்தது. புது மீன் ஒன்று வாங்கி விட்டார்.

அதுவும் செத்தது.

*

“என்னவோ செத்துக் கெடந்துச்சு டீச்சர். கழுவித்தான போட்டேன்.”

“எதுல கழுவினீங்க?”

“வெந்நியில.”

“வெந்நியில மட்டும்?”

அண்ணாச்சி தலையைக் குனிந்தார். “மஞ்சத்தூள் போட்டு.”

டீச்சர் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று அண்ணாச்சி நினைத்தார். அவர் திட்டவில்லை. முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்ல யாரு தவறிட்டா அண்ணாச்சி?”

அதுவரை அவர் அதை டீச்சரிடம் சொன்னதில்லை.

“வீட்டுக்காரி.”

“எப்ப?”

“அது ஆச்சு டீச்சர். முடிஞ்சுபோச்சு. அத விடுங்க. மீனுக்கு வழி சொல்லுங்க.”

டீச்சர் எழுந்தார். மூலையில் இருந்த பெரிய தொட்டிக்கு நொண்டி நொண்டிப் போனார். இருக்கிறதிலேயே அழகான தொட்டி அது. தோள்வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பாறையை எடுத்து, கடல்தண்ணீர் இருந்த தட்டில் வைத்தார். அண்ணாச்சி கையில் ஓர் இடுக்கியைக் கொடுத்தார்.

“இதுல எது உசுரு, எது செத்தது? பிரிச்சு வைங்க. மீனு தாரேன்.”

இதென்ன பெரிய வித்தை என்று அண்ணாச்சி குனிந்தார்.

வெள்ளையாகக் குழாய் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. புழு செத்துப்போய் விட்டுப்போன கூடு. “செத்தது,” என்று இடுக்கியை வைத்தார். கூட்டுக்குள்ளிருந்து மயிரிழை போல ஒன்று வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போனது. கையை எடுத்துக்கொண்டார்.

ஓரத்தில் கறுப்பாக அழுகல். அதை வழிக்கப் போனார். அழுகலுக்குள் பொடிப் பொடியாக என்னென்னவோ மேய்ந்துகொண்டிருந்தன.

உடைந்த சிப்பி ஒன்று. அதன் முதுகில் ஊதாப் படலம் வளர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கழுத்து வலித்தது. இடுக்கியைக் கீழே வைத்தார்.

“பிரிக்க முடியல டீச்சர்.”

“நானும் பாத்துட்டேன். முடியல,” என்றார் டீச்சர்.

அந்தப் பாறையையே வாளியில் போட்டுக் கொடுத்தார். பிறகு வீட்டுக்குள் போய், குளிர்பெட்டியிலிருந்து ஓர் இறாலைக் கொண்டுவந்தார். உரிக்காத பச்சை இறால்.

“கொழம்புக்கா?”

“தொட்டிக்கு. தண்ணிக்குள்ள போட்டுருங்க.”

“அழுகிப்போகுமே.”

“ஆமா.”

“எப்ப எடுக்கணும்?”

“எடுக்கக் கூடாது.”

“நாறுமே டீச்சர்.”

“மொதல்ல அது வெஷமாகும். அந்த வெஷத்தத் திங்க ஒண்ணு வரும். அது விட்ட மிச்சத்தத் திங்க இன்னொண்ணு வரும். நீங்க தெனம் தெனம் எறைச்சுக் கொட்டினா எதுவும் வராது. கண்ணாடியில பழுப்பா ஏடு படியும். தொடைக்காதீங்க.”

“எத்தன நாளு?”

டீச்சர் இறாலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

“அப்ப நான் என்னதான் செய்யட்டும்?” அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “எடுக்கக் கூடாது, தொடைக்கக் கூடாது, தண்ணி மாத்தக் கூடாது. நான் என்ன செய்யணும், அத சொல்லுங்க.”

டீச்சர் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கினார். தூசியைத் தட்டினார். அண்ணாச்சியின் கையில் கொடுத்தார்.

“எங்க வீட்ல நாற்காலி இல்லன்னா நெனைச்சீங்க?” என்றார் அண்ணாச்சி.

“இருக்கும். ஆனா அதுல நீங்க உக்காரல போல.”

ஸ்கூட்டரின் முன்னால் வாளி, தோளில் ஸ்டூல். அண்ணாச்சி அப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தார். வழியில் கண்டவர்கள் “அண்ணாச்சி, வீடு மாத்துதியளா?” என்று கேட்டார்கள். கேட்பார்கள்தானே.

*

உட்கார்ந்தார்.

முதலில் ஒன்றுமில்லை. இறால் மணலில் கிடந்தது. அடுத்து அதன் மேல் வெள்ளையாகப் பஞ்சு பூத்தது. தண்ணீர் கலங்கி அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆயிற்று. அதோடு வாடை.

எழுந்து வாளியை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். குளியலறைவரை போனார். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அலுப்பாக இருந்தது. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பில்லை. பங்குனியிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தவர் அவர். கடையில் நின்றார், சுவருக்குப் பெயிண்ட் அடித்தார், சேலையை மூட்டை கட்டினார், தொட்டியைக் கழுவினார். ஒரு நாள்கூடச் சும்மா உட்காரவில்லை. உட்கார்ந்ததும் அத்தனையும் மொத்தமாக முட்டியில் இறங்கிவிட்டது.

வாடை கூடிக்கொண்டே வந்தது. அவர் மூக்கைப் பொத்தவில்லை.

அந்த அறை ஞாபகம் வந்தது. புண்ணைத் துடைக்கும்போது சுயம்புக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். வலி குறைந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு நாள் சொன்னாள்.

“நான் போனப்பறம் நீங்க...”

“அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. ஒண்ணுமில்ல, சரியாப்போயிரும்.”

இன்னொரு நாளும் ஆரம்பித்தாள். இவர் கஞ்சிக் கரண்டியை வாயில் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவள் ஆரம்பிக்கவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

நான் போனப்பறம் நீங்க. நீங்க என்ன? என்ன செய்யச் சொன்னாள்? எதைச் செய்யாதே என்றாள்?

அதை இனி யாரிடம் போய்க் கேட்பது? ஒரு வாக்கியம். அதை முடிக்க விட்டிருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? புண்ணைத் துடைக்கத் தெரிந்த மனுஷனுக்குக் காதைக் கொடுக்கத் தெரியவில்லை. அந்த நாறல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கடைக்குப் போகவில்லை. போன் அடித்தது. எடுக்கவில்லை.

மறுநாளும் உட்கார்ந்தார்.

*

கண்ணாடியில் பழுப்பு ஏடு படிந்திருந்த சமயத்தில் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. பேத்தி இல்லை. மகள்.

“பாப்பாவுக்கு லீவு விட்டாச்சு. நாளைக்குக் கெளம்பி வாறோம். மீனு இருக்குல்லா?”

“இருக்கும்மா,” என்றார். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

போனை வைத்ததும் சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை அடைத்துக்கொண்டு டீச்சரிடம் ஓடினார்.

டீச்சர் அதைக் கண்ணாடிக் குழலில் ஊற்றிச் சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக நின்றால் மீன் வாழும். பச்சையானால் தண்ணீரில் இன்னும் விஷம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பேரும் குழலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பச்சை.

“முன்ன இருந்ததுக்குக் கொறைஞ்சிருக்கும். ஆனா இன்னும் இருக்கு,” என்றார் டீச்சர்.

“நாளைக்கு எம்மக வாறா டீச்சர்.” அண்ணாச்சியின் குரல் கம்மியது. “மீனு இல்லன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிருவா. அவ வாறதே மீனுக்காகத்தான். ஒரே ஒரு மீனு. அவ பாத்துட்டுப் போனா போதும். அப்பறம் செத்தாலும்...”

சொல்ல வந்ததை அவரால் முடிக்க முடியவில்லை.

டீச்சர் வலையை எடுத்தார். பெரிய தொட்டியிலிருந்து ஆரஞ்சு மீன் ஒன்றைப் பிடித்தார். பையில் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, வாயைக் கட்டி நீட்டினார்.

“இந்தாங்க.”

“என் தண்ணியில சாகுமா டீச்சர்?”

“மீனு கேட்டீங்க. குடுத்துட்டேன்.”

அண்ணாச்சி பையை வாங்கிக்கொண்டு நடந்தார். கேட்டுவரை போனார். பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மீன் அவரைப் பார்த்தபடி வாயைத் திறந்து திறந்து மூடியது. எல்லா மீனும் செய்வதுதான். அவரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

திரும்பி வந்தார். பையின் கட்டை அவிழ்த்து மீனை அதன் தொட்டியிலேயே விட்டார்.

“மகள்ட்ட என்ன சொல்லப்போறீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“தெரியல டீச்சர்.”

“ம்,” என்றார் டீச்சர்.

*

முத்துச்செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தாரிகா செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். தொட்டிக்கு முன்னால் போய்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். பழுப்பு ஏடு. உள்ளே கறுத்த பாறை ஒன்று. மணலில் பாதி கரைந்த ஏதோ ஒன்று.

“மீன் எங்க தாத்தா?”

“மீனு இன்னும் வரல தாயி.”

“இருக்குன்னு சொன்னீங்களேப்பா,” என்றாள் மகள்.

“பொய் சொல்லிட்டேன்.”

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. போய்விடுவாள் என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது.

“என்னப்பா இப்படி நாறுது?”

“எறாலும்மா. செத்து அழுகிக் கெடக்கு. எடுக்கல.”

“நீங்களா?”

“நான்தான்.”

அவள் தகப்பனைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். முகச்சவரம் செய்திருக்கவில்லை. சட்டையில் உப்பு பூத்திருந்தது. அவருக்குப் பின்னால், அறைச் சுவரில், கைபட்ட அழுக்கு ஒன்று அப்படியே இருந்தது. பையை இறக்கி வைத்தாள். உள்ளே வந்தாள்.

அண்ணாச்சி ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“தாத்தா, அந்தக் கல்லுல ஏதோ ஆடுது,” என்றாள் தாரிகா.

“ஆடும் தாயி. பாத்துக்கிட்டே இரு.”

தொட்டி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“செல்வி,” என்றார் அண்ணாச்சி. மகளைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். “ஒங்கம்மா கடைசியில எங்கிட்ட என்னவோ சொல்ல வந்தா. நான் சொல்ல விடல. ரெண்டு தரம் வந்தா. ரெண்டு தரமும் வாய அடைச்சிட்டேன். ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளாம்மா?”

முத்துச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“சொன்னாப்பா.”

“எதப் பத்தி?”

“ஒங்களப் பத்தித்தான். நெறய.”

அதற்கு மேல் வரவில்லை. உதடு கோணியது. கண் நிறைந்து வழிந்தது. அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத்தான் தெரியுமே. அவர் சொல்லும் முன்னால் அவளே அவசர அவசரமாகத் துப்பட்டாவை இழுத்து முகத்துக்குக் கொண்டுபோனாள்.

அண்ணாச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தொடைக்காத தாயி,” என்றார்.